பல்வாடகையாளர் அமைப்பு (லாராவெல்)

பல்வாடகையாளர் அமைப்பு என்பது ஒரே நிரல் தொகுதியைக் கொண்டு பல நிறுவனங்களுக்குத் தனித்தனியே சேவை வழங்கும் மென்பொருள் வடிவமைப்பு முறை ஆகும். சேவையைப் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் வாடகையாளர் எனப்படும். பி.எச்.பி மொழியில் எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளின் ஒரே நிரல் தொகுதியில் விக்கிமீடியாவின் பல நூறு விக்கிகள் இயங்குவதும், அவை ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம் இருப்பதும் இதற்கு நெருங்கிய சான்று. 2011 இல் வெளிவந்த லாராவெல் சட்டகத்தில் இவ்வமைப்பை ஏற்படுத்தத் திறமூலப் பொதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான ஸ்டான்சில் டெனன்சியின் மூன்றாம் பதிப்பு இங்கு விளக்கப்படுகிறது.

தரவுப் பிரிப்பு

எடுத்துக்காட்டாக, இராஜபாளையத்தில் உருவாக்கப்பட்ட ஒரு கணக்கு மென்பொருளை அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி உற்பத்தியாளர் ஒருவரும், திருவில்லிபுத்தூரின் பால்கோவாக் கடைகள் இரண்டும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒரு கடையின் பால் கொள்முதல் விலை மற்ற கடையின் திரையில் தோன்றிவிடக் கூடாது.

எல்லோருடைய தரவையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் வாடகையாளர் எண்ணைக் குறிப்பது ஒரு முறை. இதில் மாதிரி வகுப்புகளின் வழியே எழும் வினவல்கள் தாமாக வடிகட்டப்படும்; தரவுத்தளத்தை நேரடியாக அணுகும் வினவல்களுக்கு அவ்வடிகட்டல் இல்லை. அவசரத்தில் எழுதப்படும் அறிக்கைப் பக்கங்களில் இப்பிழை எளிதில் நுழையும். பற்றுச்சீட்டு எண் போன்ற தனித்துவக் கட்டுப்பாடுகளிலும் வாடகையாளர் எண்ணைச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் இரண்டாம் கடை தன் முதல் பற்றுச்சீட்டையே பதிய இயலாது.

வாடகையாளருக்கு ஒரு தரவுத்தளம் என்பது மற்றொரு முறை. ஒரு கடையின் தரவை மட்டும் காப்புப் பிரதியிலிருந்து மீட்பது இதில் எளிது.

நிறுவுதல்

காம்போசர் மூலம் பொதியைச் சேர்த்தபின் அதன் நிறுவல் கட்டளையை இயக்க வேண்டும். அமைவுக் கோப்பு, வாடகையாளருக்கான வழிக்கோப்பு, சேவை வழங்கு வகுப்பு ஆகியவற்றோடு, வாடகையாளர்களையும் அவர்தம் ஆள்களப் பெயர்களையும் பதியும் இரு அட்டவணைகளுக்கான இடம்பெயர்வுக் கோப்புகளும் உருவாகும். சேவை வழங்கு வகுப்பைச் செயலியில் பதிவு செய்து, மையத் தரவுத்தளத்தில் இடம்பெயர்வை இயக்குவது அடுத்த படி.

கடைகளுக்கான அட்டவணைகளின் இடம்பெயர்வுக் கோப்புகளை 'டெனன்ட்' என்னும் உட்கோப்புறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிடில் அவை மையத் தரவுத்தளத்திலேயே உருவாகிவிடும். மைய ஆள்களங்களின் பட்டியலில் தொடக்கத்தில் உள்ளூர்க் கணினியின் முகவரிகளே இருக்கும். வழங்கியில் ஏற்றும்போது உண்மையான முகவரியைச் சேர்ப்பது கட்டாயம்.

சிக்கல்கள்

புதிய வாடகையாளர் பதிவானதும் பொதி தானே தரவுத்தளத்தை உருவாக்க முயலும். இதற்குத் தரவுத்தளப் பயனருக்கு உருவாக்கும் உரிமை வேண்டும். குறைந்த கட்டணப் பகிர்வு வழங்கிகள் பெரும்பாலும் அவ்வுரிமையைத் தருவதில்லை. தனி மெய்நிகர் வழங்கியோ ஒற்றைத் தரவுத்தள முறையோ தேவைப்படும்.

தேக்ககப் பிரிப்பு குறிச்சொற்களைச் சார்ந்தது. கோப்புவழித் தேக்ககம் குறிச்சொற்களை ஏற்காததால் பிழைச்செய்தி தோன்றும், ரெடிஸ் ஏற்கும். வாடகையாளர் பக்கங்களில் நடைதாள்கள் ஏற்றப்படாமல் பக்கம் குலைந்து தோன்றுவதும் உண்டு. கோப்பு முகவரி தரும் 'அசெட்' செயற்கூற்றை இப்பொதி மாற்றியமைப்பதே காரணம். அமைவுக் கோப்பில் அதை முடக்கலாம்.