சவுக்கு: சாட்டையிலிருந்து மரத்துக்கு

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் பக்கம் போகிறவர்களில் பலர், கடலோர மணலில் நிற்கும் சவுக்குத் தோப்பைக் காட்டி "பைன் மரமா?" என்று கேட்பார்கள். ஊசி இலையும் கூம்புக் காயும் நெடுநெடு உயரமும் அப்படிக் கேட்க வைக்கும். தெலுங்கில் இதற்கு சர்வி, கன்னடத்தில் சர்வே. பாரசீகத்தில் 'சர்வ்' என்பது சைப்ரஸ், அதாவது அசல் ஊசியிலை மரம். தெலுங்கரும் கன்னடரும் மரத்தின் மொத்தத் தோற்றத்தைப் பார்த்துப் பெயரிட்டவர்கள்.

தமிழ்ச் சொல் அந்த வழியில் வரவில்லை என்பது என் துணிபு. சர்வில் ககரம் இல்லை. சாட்டையைக் குறிக்கும் 'சாபுக்' என்ற பாரசீகச் சொல்லில் இருக்கிறது. அது உருது வழியே வந்து, பகரம் வகரமாகி, குதிரைக்காரர் கையில் சவுக்கானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டி, சென்னை மாகாணக் கடலோரமெங்கும் இந்த மரத்தை நட்டார்கள். சாட்டையின் பெயர் அதன் மேல் ஏறிக்கொண்டது.

பொருத்தமான பெயர்தான். ஒரு மிலாறை ஒடித்துப் பாருங்கள், சாட்டை போலவே இருக்கும். இலை என்று நாம் நினைப்பது பச்சைக் குச்சி. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி 6 முதல் 8 வரை பொடிச் செதில்கள். அவைதான் இலைகள். காயும் பைன் கூம்பு அல்ல: பூங்கொத்து முற்றிக் கட்டையாகி, சிறு அலகுகள் பிளந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இறக்கை வைத்த விதை ஒன்று பறக்கும். பூக்கும் மரமான சவுக்கு, பைனைவிட ஓக்குக்கே நெருங்கிய உறவு.

1759இல் லின்னேயஸ் வைத்த கேசுவரைனா ஈக்விசெட்டிஃபோலியா என்ற பெயரும் இந்தக் குச்சியைத்தான் பிடித்துக்கொண்டது. முதல் சொல்லில் இருப்பது கசுவாரிப் பறவையின் தொங்கும் இறகு, அடுத்ததில் கணுக்கணுவான குதிரைவால் பூண்டு.

வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் சவுக்கு விறுவிறுவென வளர்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டிச் சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். வெட்டிய கட்டை சரியாகத் துளிர்க்காது; மறுபடி நாற்றுதான் நட வேண்டும். இப்போது பல தோப்புகளில் நிற்பது ஜுங்ஹுனியானா என்ற வேறு இனமும் அதன் கலப்பும். ஜுங்ஹுனியானாவின் கணுவில் செதில்கள் 9 முதல் 11. விவசாயிக்கு அதுவும் சவுக்குதான்.