200 முறை குதிச்ச பிறகுதான் கேமரா: வானத்தில் படம் பிடித்தவர்களின் கதை

ஸ்கை டைவிங் வீடியோ பார்க்காதவங்க இப்போ யாரும் இருக்க மாட்டாங்க. கன்னம் ரெண்டும் காற்றில் படபடக்கும், கண்ணாடிக்குள்ள கண்ணு விரிஞ்சிருக்கும், கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒருத்தர் சிரிப்பார். நாம அவரைத்தான் பார்ப்போம். பல வீடியோக்களில் அவருக்கு எதிரே, அதே வேகத்தில் விழுந்துகொண்டே படம் பிடிக்கிற இன்னொருத்தர் இருக்கார். இந்த எபிசோட் அவரைப் பற்றியது.

யு.எஸ்.பி.ஏ. என்கிற அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கையேட்டில் ஒரு பரிந்துரை இருக்கு. கேமராவோடு குதிக்கணும்னா, அதற்கு முன்னால் குறைந்தது 200 முறை குதித்திருக்க வேண்டும், 'சி' லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். கேமரா எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இதுதான். கேட்கிறவங்களுக்கு இது கொஞ்சம் ஓவரா தெரியலாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கேமரா. பட்டனை அழுத்திட்டுக் குதிச்சா அது பாட்டுக்கு ரெக்கார்ட் பண்ணப் போகுது. இதுக்கு எதுக்கு 200 ஜம்ப்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த வரலாற்றுக்குள்ள போனேன்.

தலையில் ஒரு சினிமா கேமரா

1960-களுக்குப் போவோம். கலிஃபோர்னியாவில் கார்ல் பேனிஷ் என்று ஓர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். நல்ல வேலையை விட்டுவிட்டு, வானத்திலிருந்து விழுகிறவர்களைப் படம் பிடிப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர். 1969-ல் வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் வான்காட்சிகளில் அவர் கைவண்ணம் உண்டு. 1978-ல், யோசெமிட்டியில் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் காபிடான் பாறையிலிருந்து நண்பர்கள் பாராசூட்டோடு குதித்ததைப் படமாக்கினார். இன்றைக்கு பேஸ் ஜம்பிங்னு சொல்றோமே, அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே இவரால்தான். 1984-ல் நார்வேயில் ஒரு பாறை முகட்டிலிருந்து குதித்தபோது இறந்துபோனார்.

அவர் காலத்தில் வானத்தில் படம் எடுப்பது எப்படி இருந்தது? ஹெல்மெட்டின் மேல் 16 எம்.எம். கேமரா. 100 அடி ஃபிலிம் போட்டால் மூன்று நிமிடம்கூட ஓடாது. விழும்போது வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. தலை எந்தப் பக்கம் திரும்புதோ, அதுதான் ஷாட். கழுத்துதான் ட்ரைபாட்.

அந்தக் கழுத்து என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க. வயிறு பூமியைப் பார்த்தபடி விழும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வேகம். பாராசூட் விரியும்போது சில நொடிகளில் அந்த வேகம் அடங்குகிறது. தலையில் சில கிலோ உலோகம் இருந்தால், அத்தனை குலுக்கலும் கழுத்தெலும்பில்தான் இறங்கும்.

1979-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'மூன்ரேக்கர்'. அதன் தொடக்கக் காட்சியில் பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளப்படும் பாண்ட், இன்னொருவரின் பாராசூட்டை வானத்திலேயே பிடுங்கிக்கொள்வார். கிராஃபிக்ஸ் காலம் இல்லை அது. உண்மையாகவே குதித்து எடுத்தார்கள். நடித்தவர்களின் உடைக்குள் பாராசூட் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கேமராமேன் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு கூடவே குதித்தார். ஒரு குதிப்பில் படமாக்கக் கிடைப்பது சில நொடிகள்தான். அதனால் அந்த ஒரு காட்சிக்கு 88 முறை குதிக்க வேண்டியிருந்தது.

இந்தக் காலகட்டத்தில் 'யார் கேமராவோடு குதிக்கலாம்'னு தனியா விதி எழுத வேண்டிய தேவை பெரிதாக இல்லை. கேமராவின் எடையும் விலையுமே வாசலில் காவல் நின்றன. நேற்று பழகியவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு குதிக்க ஆசைப்படவே மாட்டார்.

1988, ஏப்ரல் 2

1980-களில் ஃபிலிம் போய் வீடியோ வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களின் முதல் குதிப்பைப் படம் எடுத்துக் கேசட்டாகக் கொடுக்கும் பழக்கமும் பரவியது.

வட கரோலினா மாநிலத்தில் லூயிஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பாராசூட் மையம். 35 வயதான ஒருவர், 800 முறைக்கும் மேல் குதித்த அனுபவசாலி, ஒரு பயிற்சியாளரையும் மாணவரையும் படம் எடுப்பதற்காக விமானத்தில் ஏறினார். சுமார் 10,000 அடி உயரத்தில் அவர்களோடு சேர்ந்து வெளியே பாய்ந்தார். அவர்கள் பாராசூட் விரிவது வரை கேமரா ஒழுங்காகப் பதிவு செய்தது. அதன் பிறகு தன் பாராசூட்டை விரிக்கக் கையைக் கொண்டுபோனார்.

முதுகில் பாராசூட் இல்லை. மாட்டவே மறந்திருந்தார்.

800 முறை குதித்தவர் அதை எப்படி மறக்க முடியும்? அப்போது பலரும் சொன்ன விளக்கம் இதுதான்: ஹெல்மெட்டில் கேமரா, உடம்பில் அதற்கான ரெக்கார்டர் பை. அந்தப் பையின் கனத்தையும் பட்டையின் இறுக்கத்தையும் உடம்பு பாராசூட் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விமானத்தில் இருந்த யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. எல்லார் கவனமும் மாணவர் மேல். அவருடைய கவனம் கேமராவின் மேல்.

இப்போதைய கையேடுகள் சொல்கிற நடைமுறையை இந்தச் சம்பவத்தோடு சேர்த்துப் படிச்சா அதன் அருமை புரியும். மாட்டிக்கொள்வதற்கு முன் ஒரு முறை, விமானம் ஏறும் முன் ஒரு முறை, குதிக்கும் முன் ஒரு முறை என்று மூன்று தடவை பரிசோதனை. பாராசூட் முதலில், கேமரா அதன் பிறகு.

காவல் போனது

1995-ல் மினி டிவி கேசட் வந்தது, கேமரா உள்ளங்கைக்குள் வந்தது. 2002-ல் நிக் உட்மன் என்ற அலைச்சறுக்கு ஆர்வலர் கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் கேமரா 2004-ல் வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதாரண ஃபிலிம் கேமரா அது. 2009-ல் 'எச்.டி. ஹீரோ' வந்தது. உறையோடு சேர்த்தே 200 கிராமுக்கும் குறைவு.

பேனிஷ் கழுத்தில் சுமந்த பாரம் போயே போச்சு. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் வாசலில் நின்ற காவலும் அதோடு போய்விட்டது. பத்து முறை குதித்தவரும் கேமராவை ஒட்டிக்கொண்டு விமானத்தில் ஏற முடிந்தது. அதனால்தான் 'சின்ன கேமராவுக்கும் இதே 200தான்' என்று கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டி வந்தது.

எடை குறைந்தும் போகாத ஆபத்துகள் மூன்று. முதலாவது, மாட்டிக்கொள்வது. பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் வேகமாக மேலே ஓடும். ஹெல்மெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எதிலும் ஒரு கயிறு சிக்கலாம். கயிறுக்குக் கேமராவின் எடை தெரியாது. அதனால்தான் பல கேமரா ஹெல்மெட்டுகளில், ஒரே இழுப்பில் ஹெல்மெட்டையே கழற்றிவிடும் பூட்டு இருக்கும். அதையும் அந்த நொடியில் பதறாமல் இழுக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, காற்று. விழுகிற ஒருவருக்கு நேர் மேலே கலங்கிய காற்று இருக்கும். அதற்குள் போனால் தாங்குகிற காற்று இல்லாமல், கீழே இருப்பவர் மேல் தடாலென்று விழ வேண்டியதுதான். நல்ல ஆங்கிள் தேடி நகர்கிற கேமராமேனுக்கு இந்த ஆபத்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது, கவனம். 13,000 அடியில் குதித்தால், பாராசூட்டை விரிக்கும் வரை கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதில் உயரம் பார்க்கணும், மற்றவர்கள் எங்கே என்று பார்க்கணும், பிரிந்து விலகணும், விரிக்கணும். ஸ்கை டைவிங்கில் முதலில் சொல்லிக்கொடுக்கும் வரிசை இதுதான்: இழு, சரியான உயரத்தில் இழு, உடல் நிலையாக இருக்கும்போது இழு. இந்த வரிசையில் 'ரெக்கார்ட் ஆகுதா?' என்பதற்கு இடமே இல்லை. 200 முறை குதித்தவருக்கு முதல் மூன்றும் கை தானாகச் செய்கிற வேலையாகி இருக்கும். நாலாவதாக ஒன்றை நினைக்க மனதில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பத்து முறை குதித்தவருக்கு அந்த இடம் இன்னும் உருவாகவில்லை. 800 முறை குதித்தவருக்கே ஒரு நாள் அந்த இடம் போதாமல் போயிருக்கு.

கடைசியா உங்களுக்கு ஒன்று. நம்மில் யாராவது குதிக்கப் போனால் அது பெரும்பாலும் டேண்டமாகத்தான் இருக்கும்; பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. இப்போ பல இடங்களில் வீடியோ எடுப்பதும் அந்தப் பயிற்சியாளர்தான், அவர் மணிக்கட்டில் கேமரா இருக்கும். உங்கள் உயிரைப் பார்த்துக்கொள்கிற அதே கைதான் உங்கள் ரீல்ஸையும் எடுக்கிறது. வீடியோ வேணும்னு தாராளமா கேளுங்க. ஆனா 'என் போனை நானே பிடிச்சுக்கிறேன்'னு அடம் பிடிக்காதீங்க. 'இன்னைக்கு காற்று சரியில்லை, கேமரா வேண்டாம்'னு அவர் சொன்னா, சரின்னு தலையாட்டுங்க.