அஞ்சல் சேவையக நிர்வாகப் பதிவேடும் மின்னஞ்சல் எச்சரிக்கையும்

அஞ்சல் சேவையகத்தின் நிர்வாகிகள் இடும் கட்டளைகளைக் குறித்துவைப்பது நிர்வாகப் பதிவேடு. யார், எப்போது, எந்தக் கட்டளையை, யாருடைய அஞ்சல் பெட்டிமீது பிறப்பித்தார் என்பது அதில் இருக்கும். பொதுவாக ஏதேனும் கெட்டுப்போன பிறகுதான் அதை யாராவது திறந்து பார்க்கிறார்கள். குறிப்பிட்ட வகைப் பதிவொன்று விழுந்ததுமே பொறுப்பாளருக்கு மடல் போகும்படி செய்வதே இங்கு எச்சரிக்கை எனப்படுகிறது.

கணினிப் பதிவேட்டு முறைகளில் மிகப் பரவலான சிஸ்லொக், 1980களில் எரிக் ஓல்மன் தமது சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது. பதிவுகளின் கடுமையை அது 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. 0 என்றால் அமைப்பே செயலிழந்த நிலை. 7 என்றால் நிரலாளருக்கு மட்டும் உதவும் விவரம்.

மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013இல் நிர்வாகப் பதிவேடு தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். மாற்றம் செய்யும் கட்டளைகளைக் குறிக்கும். வெறுமனே பார்வையிடும் கட்டளைகளை விட்டுவிடும். பதிவேட்டின் அமைப்பையே ஒருவர் மாற்றினால், பதிவேடு நிறுத்தப்பட்டிருந்தாலும் அந்த மாற்றம் குறிக்கப்படும். பதிவுகள் வழமையாக 90 நாட்கள் இருக்கும். அவை அதே சேவையகத்தின் உள் அஞ்சல் பெட்டி ஒன்றில் சேமிக்கப்படுவதுதான் கவனிக்க வேண்டியது.

எச்சரிக்கைக்கு வழி, இதே கட்டளைகள் வின்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டிலும் விழுவதுதான். அங்கே ஒரு நிகழ்வைத் தேர்ந்து அதனுடன் ஒரு பணியை இணைக்கலாம். பணியாக நேரே மடல் அனுப்பும் வசதியை வின்டோஸ் சேர்வர் 2012 முதல் மைக்ரோசொஃப்ட் கைவிட்டதால், மடல் அனுப்பும் சிறு பவர்ஷெல் நிரலை அதில் இணைப்பது வழக்கமாயிற்று. லினக்ஸில் ஆர்சிஸ்லொக் மென்பொருளின் அஞ்சல் தொகுதி அதே வேலையைச் செய்யும்.

எதற்கு மடல் வரவேண்டும் என்று தீர்மானிப்பதே கடினம். களனி கங்கையில் கித்துல்கலவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுமானி உண்டு. ஆற்று மட்டம் எந்நேரமும் ஏறி இறங்கினாலும் எச்சரிக்கை, சிறு வெள்ளம், பெருவெள்ளம் என்று வகுத்த மூன்று மட்டங்களில் ஒன்றைத் தொடும்போதுதான் அவிசாவளைப் பக்கத்தவர்கள் பரபரப்பாகிறார்கள். பதிவேட்டிலும் அப்படிச் சில கோடுகளே போதும். நிர்வாகிகள் குழுவில் புதிய பெயர் சேர்வது, ஒருவரின் பெட்டியை முழுதாக வெளியே ஏற்றுமதி செய்வது, பிறர் பெட்டிக்கு முழு அனுமதி கொடுப்பது, எல்லா மடல்களையும் வேறு முகவரிக்குத் திருப்பும் விதி, பதிவேட்டின் அமைப்பில் கைவைப்பது ஆகியவை அவை. கடவுச்சொல் தவறிய ஒவ்வொரு முறைக்கும் மடல் கேட்பவர் இரண்டே வாரத்தில் அவற்றைக் குப்பைக்கு அனுப்பும் விதியையும் தானே எழுதிவிடுவார்.

2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் சேவையகங்கள் உலகெங்கும் தாக்கப்பட்டபோது, மெய்நிகர் அடைவின் அமைப்பை மாற்றும் கட்டளை பதிவுகளில் இருக்கிறதா என்று தேடும்படி மைக்ரோசொஃப்ட் நிர்வாகிகளிடம் சொன்னது. அன்றாடம் யாரும் இடாத கட்டளை அது. அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை அமைத்திருந்தால் அவ்வளவு தேடவேண்டி வந்திராது.

இலங்கைக்கு இவ்விடயத்தில் கசப்பான உதாரணம் 2023இல் கிடைத்தது. இலங்கை அரச முகில் கட்டமைப்பில் இருந்த அரச மின்னஞ்சல் சேவை, ஓகஸ்ட் 26ஆம் திகதி கப்பம் கோரும் மென்பொருளுக்கு இரையானது. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. சேவையகத்துடன் அதன் நேரடி இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. சேவை விரைவில் மீண்டாலும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்குத் தனியே வைத்த பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ 5000 முகவரிகளின் மூன்று மாதத்துக்கும் அதிகமான அஞ்சல் போயிற்று. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதன் பிறகே நாளாந்தம் இணைப்பற்ற காப்புப் பிரதி எடுப்பது பற்றிப் பேசியது.

காப்புப் பிரதிக்கு நேர்ந்தது எச்சரிக்கைக்கும் நேரலாம். கண்காணிக்கப்படும் சேவையகத்தின் வழியாகவே எச்சரிக்கை மடல் போகுமானால், சேவையகம் விழுந்த கணத்தில் அதுவும் வரிசையில் சிக்கி நிற்கும். மடல் போகவில்லை என்ற பிழைக்கே எச்சரிக்கை அமைத்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த எச்சரிக்கையும் தோற்று இன்னொன்றைப் பிறப்பிக்கும், சுழல் நிற்காது. ஆகவே பதிவுகளின் நகல் வேறொரு கணினிக்கு உடனுக்குடன் போகவேண்டும். எச்சரிக்கை அங்கிருந்து, வேறு நிறுவனத்தின் அஞ்சல் சேவை வழியாக அல்லது குறுஞ்செய்தியாகப் புறப்பட வேண்டும். மின்சாரமும் இணையமும் மழைக்காலத்தில் சேர்ந்தே போகும் மலைநாட்டு அலுவலகங்களுக்குக் குறுஞ்செய்தியே பொருத்தம்.

எச்சரிக்கை அமைப்பே செத்துப்போனால் எப்படித் தெரியும்? தினமும் காலையில் ‘எல்லாம் சரி’ என்றொரு மடலை அதிலிருந்து வரச்செய்வார்கள். ஒருநாள் அது வராவிட்டால் சேவையகத்தைப் பார்க்கப் போகவேண்டும்.