ஊவாத் தோட்டங்களில் மனை வளர்ந்த வரலாறு

உண்ண உணவும் உடுக்க உடையும் போன்று உறைவதற்கு ஓர் இல்லமும் மனிதனுக்கு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் இல்லம் என்பது ஒருமுறை கட்டியவுடன் முடிந்துவிடும் பொருளன்று. பிள்ளைகள் வளர்ந்தால் ஓர் அறை வேண்டும். மருமகள் வந்தால் மற்றோர் அறை வேண்டும். மகன் படிக்கத் தொடங்கினால் மேசையும் விளக்கும் வைக்க ஒரு மூலையாவது வேண்டும். குடும்பம் வளர மனையும் வளர்வதே உலக இயல்பு. இவ்வியல்பு நம் ஊவா மாகாணத் தோட்டங்களிலே எவ்வாறு தடைப்பட்டது என்பதையும், அத்தடைக்குள்ளும் நம் முன்னோர் எவ்வாறு தம் மனையை வளர்த்தனர் என்பதையும் இம்மலரின் வாயிலாகச் சிறிது ஆராய விழைகின்றோம்.

பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணம் 1886 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இம்மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்டது. கோப்பிப் பழம் பறிக்குங் காலத்திலேதான் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் கீழ்க் கூட்டங் கூட்டமாக வந்தோரிற் பலர், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதங்கள் மட்டும் தங்குவோருக்கு வீடு எதற்கு, பாசறை போன்ற ஒரு நீண்ட கொட்டில் போதாதா என்று தோட்டத்துரைமார் கருதினர். லயம் பிறந்த கதை இதுவேயாம்.

1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் தோட்டப் பயிராகத் தொடங்கிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஊவாவிலே தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னைத் தொழிற்சாலை அவர் காலத்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினர், இங்கேயே பெற்றனர், இங்கேயே மாண்டனர். பயிர் மாறிற்று, தங்குங் காலமும் மாறிற்று. குடியிருப்பின் வடிவம் மட்டும் மாறவில்லை! தனியாட் கூட்டத்துக்கு வகுத்த கொட்டிலிலே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ நேர்ந்தது.

லயக் காம்பரா ஒன்று பொதுவாக 10 அடிக்கு 12 அடி, அஃதாவது 120 சதுர அடி. அதன் முன்னே திறந்த இஸ்தோப்பு. ஒற்றை லயமாயிருந்தால் பின்புறம் சற்று வெளியாவது உண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயிருந்தாலோ பின்சுவருக்கு அப்பால் அயலவர் காம்பரா. காற்றோட்டத்துக்குச் சன்னல் வைக்கவும் வழியில்லை. இவர்கள் மனையை நீட்டுவதாயின் முன்புறம் ஒன்றே வழி. ஆதலால் இஸ்தோப்பின் ஒரு பாதியைத் தகரத்தாலும் பலகையாலும் அடைத்தார்கள். அடுப்பை அங்கே கொண்டு சென்று, உள்ளறையை மிலாற்றுப் புகையினின்றும் காத்தார்கள். ஒற்றை லயத்தார் பின்புறம் தகரக்கூரை சாய்த்துக் குசினி அமைத்தார்கள். படம் வரைவாரும் இல்லை, மேசன்மாரும் இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளே சுத்தியலும் பிடித்தன.

எமது பாட்டனார் கதையை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எமது அத்தை பெரியபிள்ளையான காலத்தில் அவர் இஸ்தோப்பின் பாதியை அடைத்தார். தோட்ட நிர்வாகம் அதனைக் கழற்றுமாறு பணித்தது. அவர் மறுபேச்சின்றிக் கழற்றிப் பலகைகளை அடுக்கிவைத்தார். பலமுறை நடந்து அனுமதி கேட்டார். ஈற்றில் "தற்காலிகமாக" என்று அனுமதி கிடைத்தது. அந்தத் தற்காலிக அறையிலேதான் பிற்காலத்தில் நாம் பரீட்சைக்குப் படித்தோம்.

இதனோடு நம் தோட்டத்துக் கோயில்களை ஒப்பிட்டு நோக்குக. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கிய மாரியம்மன் கோயில்கள் பல, பின் தகரக் கொட்டகையாகி, பின் மண்டபமும் கோபுரமுமாக வளர்ந்துள்ளன. அம்மன் மனைக்கு ஊரார் ஒன்றுகூடிச் சம்பளத்திற் பிடித்துக் கொடுத்தனர். தம் மனைக்கு அவ்வாறு செலவிட அஞ்சினர். காரணம் வெள்ளிடை மலை. தான் எழுப்பிய சுவர் நாளையும் தனதாயிருக்கும் என்ற உறுதி எவரிடமும் இல்லை.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எசமானர் மாறியும் காம்பராவிற் குடியிருந்தோர் கையிற் காணி உறுதி வந்து சேரவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் சேவைகள் செல்வதற்கு இடையூறாயிருந்தது; 2018 இலேதான் அது திருத்தப்பட்டது.

உரிமை ஒருபுறமிருக்க, மலையும் தன் கணக்கை வைத்திருக்கின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு அபாயம் உண்டெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மாண்டோர் எவரும் தம் இடத்தைத் தாமே தெரிந்தவரல்லர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெருந்துயருற்றது. மணலில் வீடு கட்டிய புத்தியற்றவன் கதையை மிஷன் பள்ளியில் நாம் சிறுவயதிற் படித்தோம். சரிவிலே பிறர் கட்டிவைத்த வீட்டில் வாழ்பவனை அக்கதை கூறவில்லை.

சென்ற விடுமுறையில் எமது தந்தையார், "தம்பி, குசினியைப் பின்னுக்கு இன்னும் ஆறடி இழுத்தால் என்ன?" என்று வினவினார். பின்னால் இருப்பது மண்மேடு. மழைக்காலத்தில் அங்கே நீர் கசிவதை நாம் கண்டிருக்கின்றோம். மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டுவது, சுமை தாங்கி நிற்பவன் காலை இடறுவதற்கு ஒப்பாகும். வேண்டாமென்றோம். கூரைநீரைப் பீலியாற் சேர்த்துக் கானில் விடுவதே முதல் வேலை என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின் மண்வெட்டியை எடுத்துத் தூர்ந்திருந்த கானை வெட்டத் தொடங்கினார்.

இன்று பல தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுந்துள்ளன; இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சும் 1,350 அடியே நாளைய தலைமுறையின் அறை. அதனை அவசரப்பட்டு அடைத்தல் ஆகாது. எங்கே நீர் ஓடும், எங்கே வெளிச்சம் வரும், மகளின் படிப்பு மேசை எங்கே என்பதை முதல்நாளே கடதாசியில் வரைதல் வேண்டும். கட்டுமுன் நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுதல் வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே அறிவித்து, அவ்விடம் விட்டு அகலுதல் வேண்டும்.

எனினும் இன்னும் எண்ணற்றோர் லயங்களிலேயே வாழ்கின்றனர். வாலிப அன்பர்களே! படித்த நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. உங்கள் லயத்தில் எவரேனும் மனையை நீட்ட முற்பட்டால், அளவுநாடாவுடன் சென்று அருகில் நில்லுங்கள், மேட்டைப் பாருங்கள், கானைப் பாருங்கள், விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பெரியோர்களே! இஸ்தோப்பை அடைத்த கதைகளை எங்களுக்குக் கூறுங்கள். தகரமும் பலகையுங் கொண்டு நீங்கள் எழுப்பியது வெறும் அறையன்று. இம்மண்ணில் நாம் தங்க வந்தவரல்லர், வாழ வந்தவர் என்ற சாசனமாகும். அதற்கு உறுதி எழுதி வாங்குவதே எம் தலைமுறையின் கடன்.