சைக்கிள் டைனமோவில இருந்து கூரை சோலர் வரை

2022 மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது நினைவிருக்கா? அப்ப உயர்தரத்துக்குப் படிச்சுக்கொண்டிருந்த நாங்கள், சின்ன சோலர் பனல் ஒன்றையும் பழைய கார் பற்றரி ஒன்றையும் இணைச்சு ரெண்டு பல்ப் எரிய வைச்சம். பெரிய விஞ்ஞானிகள் எண்ட நினைப்பு! அம்மம்மா பார்த்திட்டுச் சொன்னா: "இதைத்தானே பிள்ளையள் நாங்கள் சைக்கிளில செய்தனாங்கள்."

அவ சொன்னது சரி. 1990 ஜூனில போர் திரும்பவும் தொடங்கின பிறகு யாழ் குடாநாடு வருசக்கணக்கா மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ரேடியோ பற்றரிக்கும் தட்டுப்பாடு. கொஞ்ச எண்ணெயில எரியிற ஜாம் போத்தல் விளக்கில பிள்ளைகள் படிச்சார்கள். செய்தி கேக்க சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தினார்கள். சைக்கிள் டைனமோ தாறது 6 வோல்ட், 3 வாட் அளவுதான், அதுவும் ஆடலோட்டம். ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதால இடையில டயோட் போட வேணும். சுத்துறதை நிப்பாட்டினால் செய்தியும் நிண்டிடும்.

அதே பத்தாண்டில நாட்டின் மற்றப் பக்கத்தில வேற கதை. மொனராகலை போன்ற மாவட்டங்களில லைன் போகாத கிராமங்களுக்கு, கடன் திட்டங்கள் மூலம் வீட்டு சோலர் போய்ச் சேர்ந்தது. 1997இல தொடங்கின உலக வங்கி உதவித் திட்டமும், 2002இல அதைத் தொடர்ந்து வந்ததும் சேர்ந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வெளிச்சம் குடுத்தன. ஒரு பனல், ஒரு பற்றரி, நாலைஞ்சு லைற், ஒரு ரீவி. அவ்வளவுதான். ஓரிடத்தில போரும் தடையும், இன்னோரிடத்தில தூரமும் வறுமையும். ரெண்டு இடத்திலயும் அரசின்ர கம்பி வராத வீடுகள்தான் தங்கட வெளிச்சத்தைத் தாங்களே தேடிக்கொண்டன.

பிறகு நிலைமை மாறினது. 2010இல நெற் மீற்றரிங், 2016இல 'சூரிய பல சங்கிராமய'. சோலர் இப்ப கம்பி உள்ள வீட்டின் பில்லைக் குறைக்கிற முதலீடு. சொந்தக் கூரையும் கையில காசும் உள்ளவைக்கு அது லாபம். வாடகை வீட்டுக்காரருக்கு?

இன்னொரு முரணும் இருக்கு. பற்றரி இல்லாமல் கம்பியோட இணைச்ச கூரை சோலர், கரண்ட் போனால் தானும் நிண்டிடும். லைனில வேலை செய்யிறவருக்கு ஷொக் அடிக்கக் கூடாது எண்டுதான் அந்த ஏற்பாடு. அதால 2022 வெட்டில, கூரை நிறைய பனல் வைச்ச வீடுகளிலும் பட்டப்பகலில ஃபான் சுத்தேல்ல. எங்கட ரெண்டு பல்ப் எரிஞ்சுது.

ஆனால் கனகாலம் இல்லை. சார்ஜ் கொன்ட்ரோலர் வாங்கக் காசில்லாமல் பனலை நேரா பற்றரியில குடுத்தம். 12 வோல்ட் பனல் வெயிலில 18 வோல்டுக்கு மேல தரும். பற்றரித் தண்ணி கொதிச்சு வத்தி, ரெண்டு மாசத்தில சரி. செய்து பார்க்கிறாக்கள் முதல்ல கொன்ட்ரோலரை வாங்குங்கோ. பற்றரியை அதில இணைச்ச பிறகு பனலை இணையுங்கோ. வீட்டு மெயின் வயரில கை வைக்க வேண்டாம்.

அதோட, வீட்டில அம்மம்மா இருந்தால் அந்த டைனமோவைப் பற்றி ஒருக்காக் கேளுங்கோ. எங்கட பாடப்புத்தகத்தில அது இல்லை.