வெட்டியும் திருப்பணியும்: கோலார் தங்கவயலில் புலம்பெயர்ந்தோர் எழுப்பிய வழிபாட்டிடங்கள்

கருநாடக மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக, ஆந்திர எல்லைகளை நெருங்கிய மேட்டுநிலத்தில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாக்கப்பட்டன. 2001 பெப்ருவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுக்கால வரலாற்றில் பொறியியல் பக்கமும் தொழிற்சங்கப் பக்கமும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. 1998இல் வெளிவந்த ஜானகி நாயரின் நூல் இங்குள்ள தொழிலாளரின் உழைப்பையும் பண்பாட்டையும் அரசியலையும் ஒருங்கே ஆராய்ந்தது. எனினும் ஒரு வினா தனித்து ஆராயத்தக்கதாய் நிற்கின்றது. பிறந்த ஊரை விட்டு வந்து, நிலைத்துத் தங்குவோம் என்னும் உறுதியும் இல்லாமல், தமக்கு உரிமையில்லாத நிலத்தில் வாழ்ந்த கூலித் தொழிலாளர், தம் ஓய்வு நேரத்தையும் கூலியின் ஒரு பகுதியையும் கொடுத்து வழிபாட்டிடம் எழுப்ப முற்பட்டது ஏன் என்பதே அவ்வினா.

இவ்வினாவைச் சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். கூலி பெறாத உழைப்பைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. சோழர்காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்பன ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்யவேண்டிய வேலையைச் சுட்டுகின்றன. பயனற்றது என்ற பொருளில் இன்று வழங்கும் 'வெட்டிவேலை' அப்பழைய வழக்கின் எச்சம் எனலாம். செய்தவனுக்குப் பயன் தராத வேலை, காலப்போக்கில் எவருக்குமே பயன் தராத வேலை என்ற பொருளை ஏற்றுக்கொண்டது போலும். ஊழியம் என்ற சொல்லின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது. திருவிதாங்கூரில் அச்சொல் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ அங்கு ரெசிடெண்டாக இருந்தபோது, கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதே சொல்லைத்தான் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் இறைப்பணிக்குரிய சொல்லாக இன்றளவும் ஆள்கின்றனர். வற்புறுத்திப் பெறப்பட்ட உழைப்பின் பெயரே மனமுவந்து தரும் உழைப்பின் பெயராயிற்று. திருப்பணி என்பதோ தொடக்கமுதல் உயர்வுச் சொல்லாகவே இருந்தது. ஆயின் அவ்வுயர்வில் யாவர்க்கும் இடமிருந்ததில்லை. கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவரின் வழித்தோன்றல்களே அக்கோயிலுள் நுழையத் தடுக்கப்பட்டிருந்தனர். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டத்தின் காப்புக் கிடைத்தது 1939இல்தான்.

தங்கவயலுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளைச் சார்ந்த ஆதிதிராவிடர் ஆவர். 1891இல் 7 ஆயிரத்தையொட்டி இருந்த இப்பகுதியின் மக்கள்தொகை, 1901இல் 38 ஆயிரத்தைக் கடந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம்வரை இடப்பட்ட இருப்புப்பாதை, ஊருக்கும் சுரங்கத்துக்கும் இடையே போக்குவரத்தை எளிதாக்கிற்று. வந்தவர் குடியிருந்தவை கம்பெனி நிலத்தில் மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு குடில்கள். உயிருக்கு ஊறு விளைக்கும் வேலை. பாறை வெடிப்பு எந்நேரமும் நேரலாம். எனினும் இங்கு உழைப்புக்குக் கூலி உண்டு. பண்ணையாரின் அழைப்புக்கு ஊதியமின்றிச் சென்று நிற்கவேண்டியதில்லை. கூலி உறுதியான பிறகே, கூலி வாங்காமல் செய்யும் வேலை ஒருவரது விருப்பத்தின்பாற்பட்டதாகின்றது. தங்கவயல் வழிபாட்டிடங்களின் வரலாற்றை இப்பின்னணியில் காண்பது தேவை.

கடல் கடந்து வந்த மற்றொரு பிரிவினரும் இங்கு இருந்தனர். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க வல்லுநரும் மேற்பார்வையாளரும் அவர்கள். 1866இல் செம்பு விலை வீழ்ந்து கார்ன்வால் சுரங்கங்கள் நலிவுற்றபின், அவர்கள் உலகெங்கும் சிதறிச் சென்றனர். 1743இல் ஜான் வெஸ்லி முதன்முதலாகக் கார்ன்வாலுக்குச் சென்ற காலந்தொட்டு, சுரங்க மக்களிடையே மெதடிச சமயம் வேரூன்றியிருந்தது. குவென்னாப் என்னும் ஊரில் வெஸ்லி பேசிய பள்ளத்தை, அவர் மறைந்தபின், 1806இல் அவ்வூர்ச் சுரங்கத்தாரே வட்டப் படிவரிசைகள் கொண்ட அரங்காகத் திருத்தியமைத்தனர். மண்ணைத் தோண்டும் தொழில்திறனே அங்கு வழிபாட்டுக்குரிய காணிக்கையாயிற்று. தென் ஆஸ்திரேலியாவின் மூன்ட்டாவில் 1865இல் ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய சிற்றாலயத்தை இம்மக்கள் எழுப்பினர். மெக்சிகோவின் ரியல் டெல் மான்ட்டே வெள்ளிச் சுரங்கப் பகுதிக்கும் கார்ன்வாலார் தம் மெதடிசத்தை எடுத்துச் சென்றனர். 1820களில் அச்சுரங்கங்களை ஏற்று நடத்தியவரும் முதலாம் ஜான் டெய்லரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தங்கவயலை நிருவகித்த நிறுவனம் அவர் குடும்பத்தினதே. ஆகவே, சென்ற இடத்தில் முதலில் சுரங்கவாயிலும் அடுத்துச் சிற்றாலயமும் அமைக்கும் வழக்கம், தங்கவயலுக்கு வந்தோர்க்குப் புதியதன்று.

ஆனால் கார்ன்வாலாரின் நிலையும் தமிழரின் நிலையும் ஒன்றல்ல. முன்னவர் நிருவாகத்தின் மொழியும் நிறமும் உடையவர். அவர்தம் ஆலயத்துக்கு நிலமும் பொருளும் கேட்பது, தம்மவரிடமே கேட்பதாகும். உரிகத்தில் உள்ள தூய மிக்கேல் ஆலயம் ஆங்கிலேயர் வாழ்வோடு இணைந்த ஒன்று. தமிழ்க் கிறித்தவரோ பல சபையினராய்ப் பிரிந்திருந்தனர். கத்தோலிக்கர் மைசூர் மறைமாவட்டத்தின் கீழ்ப் பாரிசு வேதபோதகச் சபைக் குருக்களின் கண்காணிப்பில் இருந்தனர். பெங்களூர் தனி மறைமாவட்டமானது 1940இல். சீர்திருத்தச் சபையாருள் ஆங்கிலிக்கரும் வெஸ்லியரும் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றானது 1947இல். அதற்கு முன்னரே, ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு கோயில் மணிகளுக்குச் செவிசாய்த்தனர்.

தமிழகத் திருச்சபைகளில் கோயில் கட்டுவதற்கெனச் சில வழக்காறுகள் தழைத்திருந்தன. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்துச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகையில் விளைபொருளை ஏலமிடல், குடும்பத்துக்கு இவ்வளவு எனத் தலைக்கட்டு வரி எழுதுதல், ஆள் முறைவைத்துக் கல்லும் மணலும் சுமத்தல் ஆகியன அவை. உழவுசார்ந்த ஊர்களில் பருவத்தை ஒட்டி அமைந்தவை இவ்வழக்காறுகள். விளைநிலமே இல்லாத தங்கவயலில் இவை சம்பள நாளை ஒட்டியே இயங்கியிருக்கக்கூடும். அறுவடைக்கு இணையாக இங்கு இருந்தது கூலி நாள் ஒன்றே. உழைப்பைப் பொறுத்தவரை தொழிலாளரிடம் குறைவில்லை. கல்லுடைத்தல், மரத்தாங்கல் நிறுத்துதல், பளுவைக் கயிற்றால் ஏற்றி இறக்குதல் ஆகியவை அவர்தம் அன்றாடத் தொழில். பிறர்க்குப் பொன் தேடிக் கீழிறங்கப் பயின்ற கைகளுக்குச் சுவரெழுப்புதல் அரிய செயலன்று. அரியது நேரமே.

சமயப் பற்று மட்டுமே இவ்வுழைப்புக்குக் காரணம் எனல் போதாது. புலம்பெயர்ந்தவனுக்கு முதற்கண் தேவைப்படுவது கல்லறைத் தோட்டம். ஊருக்குப் பிணத்தை எடுத்துச் செல்ல இயலாத நிலையில், இங்கேயே அடக்கம் செய்யப்படுதல் வேண்டும்; செய்விக்க ஒரு குருவும் உடன்வரச் சபையும் வேண்டும். அடுத்துத் தேவைப்படுவது பதிவேடு. பிறப்புக்குச் சான்றாக ஞானஸ்நானப் பதிவும், மண உறவுக்குச் சான்றாகத் திருமணப் பதிவும் பயன்பட்ட காலம் அது. கம்பெனியின் பதிவேட்டில் அவன் ஓர் ஆள். கோயிலின் பதிவேட்டில் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் உடையவன். 1930இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்க முயன்றபோது தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை நோக்கின், எப்பதிவை ஏற்பது, எப்பதிவை மறுப்பது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு புலனாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. தமிழகத்தில் கிறித்தவராயினாரும் கோயிலுள் சாதிப் பிரிவினையைக் கண்டவர்களே. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் இரு பிரிவினரையும் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டதை வரலாறு அறியும். பிறர் கட்டிய கோயிலில் கடைசியில் நிற்பதினும், சிறிதாயினும் தாமே கட்டிய கோயிலில் முன்னே நிற்றல் மேல் என்ற எண்ணம் இயல்பானது. சாம்பியன் ரீஃப்சில் உள்ள வெற்றி அன்னை ஆலயம் போன்றவை பின்னாளில் தங்கவயல் தமிழரின் பொதுவிழாக்களுக்குக் களமானதையும் இத்தொடர்பில் காணவேண்டும்.

இதே எண்ணம் சமய எல்லையைக் கடந்து செயற்பட்டது என்பதற்குப் பௌத்த இயக்கம் வலுவான சான்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), கிறித்தவ சபைகளுள் சாதி இடம்பெற்றதைக் கடுமையாகச் சாடியவர். அவரது இயக்கம் சென்னைக்கு வெளியே மிகுதியாக வேர்கொண்ட இடங்களுள் தலையாயது தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்சிலும் தொழிலாளர் கிளைச் சங்கங்கள் அமைத்தனர். வழிபாடு, சொற்பொழிவு, கல்வி, திருமணம், நீத்தார் சடங்கு ஆகிய யாவும் சங்கத்தைச் சுற்றியே அமைந்தன. புரவலராக மன்னரோ மிஷனோ கம்பெனியோ பின்னில்லாத இவ்வியக்கம், உறுப்பினரின் சந்தாவிலும் உழைப்பிலும் நின்றது. இவ்வகையில் பௌத்தச் சங்கம் தமிழ்க் கிறித்தவ சபையினும் ஒருபடி முன்னே சென்றது எனலாம். சபைக்கு மேலிருந்து ஆயரும் மிஷனரியும் வருவர்; சங்கத்தில் சுரங்கத் தொழிலாளரும் எழுத்தருமே போதகர், பொருளாளர், கட்டுநர் எல்லாம்.

அவர்கள் எழுப்பியது கட்டடம் மட்டுமன்று. பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926 முதல் கோ. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கிருந்தே பதிப்பித்தது. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவரும்வரை, தமிழறிவுலகம் மறந்திருந்த எழுத்துகளைக் காத்தவர்களுள் தங்கவயல் குடும்பத்தினர்க்குத் தனியிடம் உண்டு.

வழிபாட்டிடங்களின் வாயிலில் பதிக்கப்படும் சலவைக்கற்களில் அடிக்கல் நாட்டியவர், அர்ச்சித்தவர், திறந்துவைத்தவர் பெயர்களே பொதுவாக இடம்பெறுகின்றன. முறைவைத்துக் கல் சுமந்தவர் பெயரைப் பொறிக்கும் மரபு நம்மிடையே வளரவில்லை. பழங்கோயில் கல்வெட்டுகளிலும் விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர் உண்டு. வெட்டி செய்தவர் பெயர் இல்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், இங்குள்ளோர் பலர் வேலைக்காகப் பெங்களூரை நாடுகின்றனர். விடியுமுன் மாரிக்குப்பத்திலும் அடுத்த நிலையங்களிலும் தொடர்வண்டி ஏறி, இரவில் திரும்புகின்றனர். கம்பெனியின் இயந்திரக் கூடங்கள் பாழ்பட்டுள்ளன. சயனைடுக் கழிவு மேடுகள் காற்றில் பறக்கின்றன. ஞாயிறு தோறும் தமிழில் வழிபாடு நடைபெறும் கோயில்களோ பழுதுபார்க்கப்பட்டு, சுண்ணம் பூசப்பட்டு நிற்கின்றன.