கையில் நிற்கும் ஒன்று: வங்கப் பாடசாலைகளில் கூட்டலும் கழித்தலும்

கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பு பயிலும் ஒரு குழந்தைக்கு, கடன் வாங்கிக் கழிக்கவேண்டிய ஈரிலக்கக் கணக்கு ஒன்று கொடுக்கப்படுகிறது. பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு 2005 முதல் நாடெங்கும் குழந்தைகளிடம் கேட்டுவரும் கேள்வி இது. அதைச் சரியாகச் செய்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 28.2 விழுக்காடு, 2022இல் 25.9 விழுக்காடு, 2024இல் 33.7 விழுக்காடு. அறிக்கை வெளிவரும் ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் எழுகின்றன. பழைய திண்ணைப் பள்ளியில் வாய்பாடு ஒப்பித்த தலைமுறைக்கு இந்த இழிநிலை இருந்ததில்லை என்பது ஒன்று. அந்த ஒப்பித்தல் மரபே இன்றைய நோய்க்கு மூலம் என்பது மற்றொன்று. இரு தரப்பினரும் பழைய பள்ளியில் கூட்டலும் கழித்தலும் எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்று பார்ப்பதில்லை. வங்கத்தைப் பொறுத்தவரை அதற்கு விரிவான சான்று உண்டு.

வில்லியம் ஆடம் ஸ்காட்லாந்துக்காரர். 1818இல் பாப்டிஸ்ட் மதப்பணியாளராக வங்கம் வந்து, ராம்மோகன் ராயுடன் ஏற்பட்ட பழக்கத்தால் யூனிட்டேரியனாக மாறியவர். பென்டிங்க் பிரபுவின் ஆணைப்படி வங்கம், பீகார் பகுதிகளின் நாட்டுப்புறக் கல்வியை ஆராய்ந்து 1835, 1836, 1838 ஆகிய ஆண்டுகளில் மூன்று அறிக்கைகள் அளித்தார். கல்வி வரலாற்றாளர்கள் அவற்றைப் பள்ளிகளின் எண்ணிக்கைக்காகவே பெரிதும் மேற்கோள் காட்டுவர். அந்த எண்ணிக்கை பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. எனக்கு அவற்றில் முதன்மையாகப் படுவது பாடத்திட்டம் பற்றிய சில பக்கங்கள்தாம்.

ஆடம் நான்கு படிநிலைகளைக் காட்டுகிறார். முதலில் மணலில் எழுத்து வரைதல். இது சில நாள்களில் முடிந்துவிடும். அடுத்தது பனையோலை: ஆசிரியர் இரும்பு எழுத்தாணியால் கீறிய வடிவத்தின்மேல் மாணவன் நாணற்பேனாவும் கரிமையும் கொண்டு எழுதுவான், துடைத்துவிட்டு மீண்டும் எழுதுவான். மூன்றாவது வாழையிலை, நான்காவது தாள். கணக்கு நுழையும் இடம்தான் வியப்பளிப்பது. இரண்டரை முதல் நான்கு ஆண்டுகள் வரை நீளும் பனையோலைக் காலத்திலேயே எண்களின் வரிசை, சோழிக் கணக்கின் வாய்பாடு, நில அளவை வாய்பாடு, எடை வாய்பாடு ஆகியவை மனப்பாடமாகிவிடும். கூட்டல், கழித்தல் என்ற ‘விதிகள்’ அதன்பிறகு, வாழையிலைக் காலத்தில்தான் வருகின்றன. அதாவது குழந்தை பல ஆண்டுகள் அளவைகளோடு புழங்கிய பின்னரே கூட்டலுக்கு வருகிறது. இன்று முதல் வகுப்பின் முதல் பருவத்திலேயே நாம் வைப்பதை அவர்கள் அவ்வளவு தள்ளி வைத்திருந்தார்கள்.

ஆடம் தரும் இன்னொரு செய்தி இதைவிடக் கூர்மையானது. பெருக்கலும் வகுத்தலும் தனி விதிகளாகக் கற்பிக்கப்படவில்லை. கூட்டல், கழித்தல் இரண்டைக் கொண்டே எல்லாக் கணக்குகளும் செய்யப்பட்டன. துணைக்கு இருபது வரையிலான பெருக்கல் வாய்பாடு மட்டும் இருந்தது. அதையும் எவரும் தனியே உருப்போடவில்லை. பள்ளி முழுவதும் காலையில் ஒருமுறை உரக்கச் சொல்ல, சிறுவர்கள் கேட்டும் உடன்சொல்லியும் பெற்றுக்கொண்டனர். இதன்பின் கணக்கு இரு கிளைகளாகப் பிரியும். உழவு சார்ந்த கிளையில் மாத ஊதியத்திலிருந்து நாள் கூலி காணல், நிலப்பரப்பு காணல், வரவு செலவு எழுதல்; வணிகம் சார்ந்த கிளையில் மணங்கு விலையிலிருந்து சேர் விலை காணல், வட்டி, தாழ்ந்த நாணயத்துக்குரிய வட்டம். இந்த விதிகள் பல சுபங்கரர் என்பவரின் பெயரால் வழங்கிய செய்யுள்களில் அமைந்திருந்தன. அவற்றில் பாரசீக, இந்துஸ்தானிச் சொற்கள் மலிந்திருப்பதையும் ஆங்கிலேயக் கணக்குமுறையின் சாயலே இல்லாததையும் கண்டு, அவை முஸ்லிம் ஆட்சிக் காலத்தவை என்று ஆடம் ஊகித்தார். பள்ளிக் கணக்கின் காலத்தைச் சொற்களைக் கொண்டு அவர் கணித்தது மொழியியல் படித்த எனக்குத் தனி மகிழ்ச்சி.

சோழிக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நான்கு சோழி ஒரு கண்டா. இருபது கண்டா ஒரு பண். பதினாறு பண் ஒரு காஹன். ஆகவே ஒரு பண் 80 சோழி, ஒரு காஹன் 1280 சோழி. இப்போது ஒரு பண்ணிலிருந்து மூன்று கண்டா ஒரு சோழியைக் கழிக்கவேண்டும் என்று கொள்வோம். பண்ணை உடைத்தால் இருபது கண்டா. அதில் ஒரு கண்டாவை உடைத்தால் பத்தொன்பது கண்டாவும் நான்கு சோழியும். கழித்தால் பதினாறு கண்டா மூன்று சோழி. இன்றைய ‘கடன் வாங்கும்’ செயல்தான் இது. ஆனால் கடன் ஓரிடத்தில் நான்காகவும் இன்னோரிடத்தில் இருபதாகவும் வருகிறது. உயரினத்தின் ஒன்றை உடைத்தால் தாழினத்தில் எத்தனை என்ற கேள்வியை ஒவ்வொரு கணக்கிலும் கேட்டே தீரவேண்டும். பத்து மட்டுமே தெரிந்த குழந்தை ‘பக்கத்தில் ஒன்று வாங்கு’ என்ற கட்டளையைப் பொருள் தெரியாமலே நிறைவேற்றிவிடலாம். சோழிக் கணக்கில் அதற்கு இடமில்லை. நம் பாடநூல்களில் உள்ள ‘இனமாற்றம்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள், ஒன்றுகளையும் பத்துகளையும்விட இத்தகைய கணக்குக்கே நன்றாகப் பொருந்துகிறது.

அந்தப் பள்ளியைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. பெண்குழந்தைகள் அங்கு ஏறத்தாழ இல்லை. ஆசிரியரின் வருவாய் அற்பம். கற்பித்தலின் தரம் குறித்து ஆடமே கடுமையாக எழுதியிருக்கிறார். நான் சொல்வது ஒன்றே: ‘பொருளறியா ஒப்பித்தல்’ என்று அதை ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

எண்ணுப்பெயர்களின் சுமையும் இங்கே கருதத்தக்கது. தமிழ்க் குழந்தைக்கு ‘இருபத்தொன்பது’ என்ற பெயரிலேயே இருபதும் ஒன்பதும் கேட்கும். வங்காளியில் 29 ‘ஊனத்ரிஷ்’, அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. 39, 49, 59 ஆகியவையும் அவ்வாறே. இந்தியில் 29 ‘உனத்தீஸ்’. சமற்கிருதத்தின் ‘ஏகோன’ வழக்கு இவ்வாறு நிலைத்துவிட்டது. பெயரில் முப்பது ஒலிக்க, எழுத்தில் முதலிலக்கம் 2 நிற்கும். பெயருக்குள்ளேயே ஒரு கழித்தல் மறைந்திருக்கிறது. ஆனால் ஒலித்திரிபால் அது பேசுவோர் செவிக்கு எட்டுவதில்லை. 99இல் இவ்விதியும் முறிந்து, வங்காளியில் ‘நிரானப்பை’, இந்தியில் ‘நின்யானவே’ என்று வேறு வடிவம் வந்துவிடுகிறது. இத்தகைய மொழிகளில் நூறு வரையிலான பெயர்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே கற்கவேண்டும். பனையோலைக் காலம் அத்தனை நீண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

வகுப்பறைச் சொற்களும் பேசுகின்றன. கூட்டலில் மேலே கொண்டுசெல்லும் இலக்கத்தை வங்காளிக் குழந்தை ‘கையில் ஒன்று’ என்கிறது. இந்தியில் அது ‘ஹாசில்’: அரபியிலிருந்து பாரசீகத்தின் வழி வந்த சொல், வருவாய் என்ற பொருளும் உடையது. வரி வசூலிப்பின் மொழி ஏழு வயதுக் குழந்தையின் கூட்டலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கடன் வாங்குதல்’ இன்னும் விந்தையானது. இங்கிலாந்தில் வழங்கிய ஒரு பழைய முறையில் மேல் எண்ணுக்குப் பத்தைக் கடனாகப் பெற்று, கீழ் எண்ணின் அடுத்த இடத்தில் ஒன்றைத் திருப்பிச் செலுத்துவர். அங்கே கடன் உண்மையான கடன். இன்று நாம் கற்பிக்கும் முறையில் பத்து உடைக்கப்படுகிறது. எதுவும் திருப்பித் தரப்படுவதில்லை. ஆயினும் சொல் மாறவில்லை.

பல்லின அளவைகளுக்கு முடிவு கட்டியது 1957 ஏப்ரல் 1. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்படி. அன்றுமுதல் நூறு நயா பைசா. தொடர்ந்து மெட்ரிக் எடைகளும் வந்தன. இச்சீர்திருத்தம் தேவையானதே, கணக்கர்களின் துன்பத்தை அது பெரிதும் குறைத்தது. ஆனால் நாணயமும் எடையும் பத்தின் மடங்குகளான பிறகு, ரூபாய்க் கழித்தலுக்கும் வெற்று எண் கழித்தலுக்கும் தாளில் வேறுபாடு மிகவில்லை. அளவை மறைந்தது, இலக்கம் எஞ்சியது. சந்தைக் கணக்கைப் பள்ளிக்குள் வைத்திருந்த வாசல் இத்தகைய மாற்றங்களால் சிறுகச் சிறுக அடைபட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

அடைப்புக்கு அப்பால் என்ன இருக்கிறது? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலைசெய்யும் 1,436 சிறுவர்களும் சந்தை அனுபவமில்லாத 471 பள்ளிக் குழந்தைகளும் அதில் இடம்பெற்றனர். சந்தைச் சிறுவர்கள் பல பொருள்களின் விலையைக் கூட்டி, மீதிச் சில்லறையையும் மனத்திலேயே பிழையின்றிச் சொன்னார்கள். அதே அளவு எளிய கணக்கைப் பாடநூல் வடிவில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக் குழந்தைகள் தாளில் எளிய கணக்குகளை முடித்தார்கள்; சந்தைக் கணக்கில் திணறினார்கள். சந்தைச் சிறுவர்களிலும் மிகப்பலர் பள்ளியில் பயின்றவர்கள், பயில்கிறவர்கள்.

கடைக்காரர் 200 ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு 137 ரூபாய்க்கான மீதியைத் தரும்போது கழிப்பதில்லை. 137இலிருந்து 140, 150, 200 என்று மேலேறி, மூன்றும் பத்தும் ஐம்பதும் கொடுக்கிறார். அவர் செய்தது கூட்டல். கழித்தலைக் கூட்டலாகவும் பெருக்கலை இரண்டாகவும் மாற்றிக்கொள்ளும் இந்த நெகிழ்வு ஆடம் கண்ட பாடசாலையில் பாடமாகவே இருந்தது. இன்றைய தாளிலோ வலமிருந்து இடமாக ஒரே வழி. ஒன்றாம் இடத்தில் பூச்சியத்திலிருந்து ஏழு போகாது, பத்தாம் இடத்திலும் பூச்சியம், எனவே நூறாம் இடம் வரை கடனுக்குப் போகவேண்டும். தராசுக்குப் பின்னால் நின்று 63 ரூபாயை நொடியில் எண்ணிக் கொடுத்த அதே சிறுமி, இந்தத் தாளை நிரப்ப முடியாமற்போனால், ‘கழித்தல் அறியாதவர்’ என்ற கட்டத்திலேயே குறிக்கப்படுவாள்.